புது ஸ்பீக்கர் ‘பழகப் பழக’ இனிக்குமா? ரப்பர் சொல்லும் பதில்

நீங்கள் ஆன்லைனில் ஒரு ஜோடி ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் வாங்குகிறீர்கள். பெட்டியில் பொருத்தி, பிடித்த பாட்டைப் போட்டால் சத்தம் மெலிந்து, காதைக் குத்துகிறது. விற்றவரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “புதுசுல அப்படித்தான் இருக்கும். 200 மணி நேரம் ஓடட்டும், அப்புறம் பாருங்க.”

ஒரு நாளைக்கு 4 மணி நேரம் கேட்டால் 200 மணி நேரம் என்பது 50 நாள். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

அந்தப் பதில் முழுப் பொய்யும் இல்லை. ஸ்பீக்கர் பயன்படுத்தப் பயன்படுத்த மாறத்தான் செய்கிறது. ஆனால் எந்தப் பாகம் மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது, எத்தனை நேரத்தில் மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எப்போது காத்திருக்கலாம், எப்போது உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ஃபுல் ரேஞ்ச் என்றால் என்ன?

பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் வேலை பிரிக்கப்பட்டிருக்கும். உறுமி மேளத்தின் அடிச்சத்தத்துக்கு ஒரு பெரிய கோன், தாளத்தின் ‘ஜிங்’ சத்தத்துக்கு ஒரு சின்ன ட்வீட்டர், இரண்டுக்கும் நடுவே சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட். ஃபுல் ரேஞ்சில் இந்தப் பிரிவினை கிடையாது. ஒரே கோன் எல்லாவற்றையும் பாடும். இப்படி ஒலியை உண்டாக்கும் தனி அலகைத்தான் ‘டிரைவர்’ என்கிறார்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இன்றைய கோன் ஸ்பீக்கருக்கு அடிப்படை போட்டவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும். அவர்களின் ஆய்வுக் கட்டுரை 1925-ல் வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளாக வீட்டு வானொலிப் பெட்டிகளில் பெரும்பாலும் இருந்தது இப்படிப்பட்ட ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். அவசரகாலத்தில் (1948–1960) ரேடியோ மலாயா தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலரும் சேர்ந்து கேட்கும் பொது வானொலி ஏற்பாட்டை நடத்தியது. ஒரு பெட்டி, அதில் ஒரு கோன், சுற்றிலும் ஒரு கூட்டம். செய்தியும் பாட்டும் நாடகமும் அந்த ஒரே காகிதக் கோன் வழியாகத்தான் வந்தன.

அந்தப் பெட்டிகளில் மனிதக் குரல் அவ்வளவு நெருக்கமாகக் கேட்டதற்குப் பழைய நினைவு மட்டும் காரணமில்லை. நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். பல ஸ்பீக்கர் பெட்டிகளில் கிராஸ்ஓவர் சத்தத்தை வெட்டி ஒட்டுவதும் அந்தப் பகுதியிலோ அதற்குப் பக்கத்திலோதான். ஃபுல் ரேஞ்சில் அங்கே ஒட்டு கிடையாது. டி.எம்.சௌந்தரராஜன் குரல் ஒரே இடத்திலிருந்து, ஒரே துண்டாக வரும்.

மாறுவது எந்தப் பாகம்?

ஸ்பீக்கரின் கோனை இரண்டு பாகங்கள் தாங்கிப் பிடிக்கின்றன. வெளி விளிம்பில் இருக்கும் வளையம் சரவுண்ட். உள்ளே, காயிலைச் சுற்றி, அலை அலையாக மடிந்த துணி ஸ்பைடர். மோட்டார் சைக்கிளுக்கு சஸ்பென்ஷன் மாதிரி கோனுக்கு இவை இரண்டும். ஸ்பைடர் பெரும்பாலும் பிசின் ஏற்றி விறைப்பாக்கிய துணி. சரவுண்ட் ரப்பராகவோ, ஃபோமாகவோ, துணியாகவோ, காகித மடிப்பாகவோ இருக்கலாம்.

காந்தமும் இரும்புச் சட்டமும் பாட்டுக் கேட்பதால் பழகுவதில்லை. காகிதக் கோன் அல்லது அலுமினியக் கோனின் விறைப்பும் சில மணி நேரத்தில் பெரிதாக மாறாது. மாறுவது இந்த சஸ்பென்ஷன்தான். புதுச் செருப்பு இரண்டு நாள் கடித்துவிட்டு அப்புறம் காலுக்குப் பழகுவது போல, முதல் சில முறை வளைந்து நிமிர்ந்ததும் ஸ்பைடரின் பிசினில் நுண்ணிய விரிசல்கள் விழுந்து துணி இளகுகிறது. சரவுண்ட் ரப்பராக இருந்தால் அதுவும் கொஞ்சம் இளகும்.

ரப்பர் ஏன் அப்படி நடந்துகொள்கிறது? இந்தக் கேள்விக்கும் பேராக் மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

கோலா கங்சார் மரமும் முல்லின்ஸ் விளைவும்

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் தொடங்குகிறது அதன் வம்சம். முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலா கங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ காலத்தில் நடப்பட்டன. இன்று நிற்கும் மரம் அந்த முதல் கன்றுகளில் ஒன்று என்று போற்றப்படுகிறது. பேராக்கின் பால்மரத் தோட்டங்களும், அவற்றில் மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கையும் அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு வந்தவை.

தோட்டத் தொழில் வளர்ந்ததும் ரப்பரை ஆராய வேண்டிய தேவையும் வந்தது. ரப்பர் உற்பத்தியாளர்களிடம் வசூலித்த செஸ் பணத்தில் 1938-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது. பிற்பாடு அது மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் ஆனது. ஹெர்ட்ஃபோர்ட் நகருக்கு அருகே இருக்கும் அதன் ஆய்வகத்துக்கு நம் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஆய்வுத் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் லியோனார்ட் முல்லின்ஸ். அவர் 1940களின் இறுதியிலிருந்து ஆராய்ந்து வந்த ஒரு குணத்துக்கு இன்று அவர் பெயரே நிலைத்துவிட்டது: முல்லின்ஸ் விளைவு.

அதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை, ஒரு பலூன் போதும். முதல் தடவை ஊதும்போது கன்னம் வலிக்கும். காற்றை விட்டுவிட்டு மறுபடி ஊதினால் சுலபமாக விரியும். ரப்பரை முதலில் ஒரு அளவுக்கு இழுக்கத் தேவைப்படும் விசை, இரண்டாவது முறை அதே அளவுக்கு இழுக்கத் தேவைப்படுவதில்லை. கரித்தூள் கலந்த ரப்பரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இதில் நமக்கு முக்கியமான விஷயங்கள் இரண்டு. ஒன்று, பெரும்பகுதி இளக்கம் முதல் சில இழுப்புகளிலேயே நடந்து முடிகிறது. இரண்டு, ஓய்வு கொடுத்தால் ரப்பர் ஓரளவுக்குப் பழைய விறைப்பை மீட்டுக்கொள்கிறது.

ஒரு முரண். தோட்டத்துப் பால் ரப்பர் சரவுண்டுக்கு அவ்வளவு பொருத்தமான பொருள் இல்லை. இயற்கை ரப்பர் நன்றாகத் துள்ளும், ஆனால் சரவுண்டின் வேலை துள்ளுவதில்லை. கோனின் ஓரத்துக்கு வந்து சேரும் அதிர்வைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிட வேண்டும். பியூட்டைல் மாதிரி செயற்கை ரப்பர் அதை நன்றாகச் செய்யும். காற்றில் இருக்கும் ஓசோன் பட்டால் இயற்கை ரப்பர் மாதிரி எளிதில் வெடிக்கவும் வெடிக்காது.

சரி, எவ்வளவு மாறும்?

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒத்ததிர்வு எண் என்று ஒன்று உண்டு. தட்டிவிட்டால் கோன் தானாக எந்த வேகத்தில் அதிரும் என்பதுதான் அது. சஸ்பென்ஷன் இளகினால் இந்த எண் இறங்கும். சத்தத்தின் அடிப்பகுதியும் அதோடு சேர்ந்து கொஞ்சம் இறங்கும்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 சென்டிமீட்டர் டிரைவர் ஒன்று, புதிதாக இருக்கும்போது 90 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பழகியபின் 80-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். 11 சதவீத இறக்கம். கேட்க பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நீங்கள் டிரைவரை மேசையில் வைத்துக் கேட்கப் போவதில்லை, பெட்டிக்குள் வைத்துக் கேட்கப் போகிறீர்கள். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அந்தக் காற்றுக்குப் புதுசு பழசு கிடையாது, அது இளகுவதே இல்லை. 5 லிட்டர் மூடிய பெட்டிக்குள் இதே டிரைவரின் எண் சுமார் 133 ஹெர்ட்ஸிலிருந்து 127-க்கு வரும். 5 சதவீதம்தான். பெட்டி 3 லிட்டர் என்றால் சுமார் 156-லிருந்து 150. பெட்டி சின்னதாக ஆக ஆக வித்தியாசமும் சுருங்குகிறது.

ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் நடுவே சுமார் 6 சதவீத இடைவெளி. நம் கணக்கில் வந்த மாற்றம் அதைவிடக் குறைவு. உன்னிப்பாகக் கேட்டால் தெரியலாம். ஆனால் மெலிந்த சத்தம் கொழுத்த சத்தமாக மாற இது போதாது.

நேரக் கணக்கும் அப்படித்தான். சஸ்பென்ஷனை இளக்குவது கடிகாரம் இல்லை, கோன் நகரும் தூரம். தாழ்ந்த ஒலியில் கோன் நன்றாக முன்னும் பின்னும் போனால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். இரவில் மெதுவாக மின்னல் எஃப்எம் கேட்டால் கோன் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதிரி 200 மணி நேரத்தில் நடப்பது ரொம்பக் குறைவு. 100 மணி நேரம் மெதுவாக ஓட்டச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. அதில் ஒரு நியாயம் இருக்கிறது: மெல்லிய கோன் உள்ள டிரைவரை முதல் நாளே முழுச் சத்தத்தில் அலறவிட்டுக் கெடுத்துவிடாதீர்கள் என்பது. அந்த எச்சரிக்கையை மதியுங்கள், ஆனால் அதிலிருந்து அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

“இல்லை, எனக்கு வித்தியாசம் நல்லாவே கேட்குது”

கேட்கும். ஆனால் அந்த 50 நாளில் ஸ்பீக்கர் மட்டும் பழகவில்லை, உங்கள் காதும் பழகியிருக்கிறது. புது வீட்டில் முதல் வாரம் தூங்கவிடாத சாலைச் சத்தம் அடுத்த மாதம் காதில் விழாமல் போகிறதே, அதே கதைதான். ஃபுல் ரேஞ்சில் முதல் நாள் உறுத்தும் உச்சப் பகுதி பெரும்பாலும் கோன் தனக்குள்ளேயே நெளிவதால் வருவது. சஸ்பென்ஷன் இளகுவதால் அது பெரிதாக அடங்க வாய்ப்பில்லை.

இன்னொரு காரணம் நீங்கள் உட்காரும் இடம். கோனின் குறுக்களவுக்குச் சமமான அலைநீளம் வரும்போது ஒலி டார்ச் லைட் மாதிரி நேராகக் குவியத் தொடங்கும். 10 சென்டிமீட்டர் கோனுக்கு அது ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸ், 20 சென்டிமீட்டர் கோனுக்கு 1,700. நேர் எதிரே உட்கார்ந்தால் குத்தும், அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அடங்கும். ரன்-இன் பண்ணுவதற்கு முன்னால் ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள். இது இலவசம்!

சந்தேகம் தீர வேண்டும் என்றால் ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. ஜோடியில் ஒன்றை மட்டும் சில மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள், மற்றதைத் தொடாமல் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே மாதிரி பெட்டியில், ஒரே இடத்தில், மாற்றி மாற்றி வைத்து, ஒரே சத்த அளவில் கேளுங்கள். எது ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் யாராவது மாற்றிக் கொடுக்கட்டும். சத்த அளவு ரொம்ப முக்கியம். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் ‘நல்ல’ ஸ்பீக்கர் என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

எந்த டிரைவர் நல்லது?

ரன்-இன் தரும் மாற்றத்தைவிட, ஒரு டிரைவருக்கும் இன்னொரு டிரைவருக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் பல மடங்கு பெரிது. அதனால் காசு போடும் முன் யோசிக்க வேண்டியது இங்கேதான்.

ஜப்பானின் ஃபோஸ்டெக்ஸ் எஃப்இ103 இந்த உலகின் நிரந்தரக் குடிமகன். 1964-லிருந்து மாற்றங்களோடு வந்துகொண்டே இருக்கிறது. 10 சென்டிமீட்டர் காகிதக் கோன். இந்த வரிசையின் சில மாடல்களில் வாழை இன நாரைக்கூடக் கலந்திருக்கிறார்கள். இதன் திறன் சுமார் 89 டெசிபல். இங்கிலாந்தின் லவுத்தர் டிரைவர்கள் 20 சென்டிமீட்டர், நடுவில் சின்னதாக இன்னொரு கோன், திறன் 95 டெசிபலுக்கும் மேல். விலையும் அதற்கேற்ப ஏறும். 8 டெசிபல் வித்தியாசம் இருந்தால், ஒன்று 10 வாட் கேட்கும் இடத்தில் மற்றது ஒன்றரை வாட்டில் அதே சத்தத்தைக் கொடுக்கும். மார்க் ஆடியோ போன்றவர்கள் மெல்லிய உலோகக் கோன் பக்கம் போனார்கள். சின்ன டிரைவரிலேயே கோன் கூடுதல் தூரம் நகர வழி செய்து, அடிச்சத்தத்தை வாங்கப் பார்த்தார்கள். அதற்கு விலையாகத் திறன் குறையும்.

அளவு, திறன், அடிச்சத்தம். மூன்றையும் ஒரே டிரைவரில் வாங்க முடியாது. காரணம் எளிது: ஒரு ஸ்தாயி கீழே போய் அதே சத்தம் தர வேண்டுமானால் கோன் 4 மடங்கு தூரம் நகர வேண்டும். அதனால் 10 சென்டிமீட்டர் காகிதக் கோனில் நாதஸ்வரமும் குரலும் அருமையாக வரும், தைப்பூச உறுமியின் வயிற்றில் இடிக்கும் சத்தம் வராது. எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் வராது. அது வேண்டுமென்றால் ஒரு சப்வூஃபரைச் சேர்த்துக்கொள்வதுதான் என்னைக் கேட்டால் புத்திசாலித்தனம். பலர் இதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள், ஏன் என்று புரியவில்லை.

காத்திருக்கும் முன் பாருங்கள்

புது ஸ்பீக்கர் மெலிந்து கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரை. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப் போயிருந்தால், ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். அடிச்சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் வழக்கமாகக் கோன் முன்னால் வரும். இரண்டும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்பதுதான் முக்கியம். இன்னொன்று, பெட்டி இல்லாமல் வெறும் டிரைவரை மேசையில் வைத்துக் கேட்டுவிட்டு அடிச்சத்தம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் கலந்து அழிந்துபோகும்.

காயில் உரசும் ‘கரகர’ சத்தம், ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வரும் ‘ஜொய்ங்’, இரண்டுக்கும் நடுவே தெளிவான சத்த வித்தியாசம் இவையெல்லாம் பழுது. பழகினால் சரியாகாது. காணொளி எடுத்து வைத்துக்கொண்டு உடனே விற்றவருக்கு எழுதுங்கள், வாட்ஸ்அப் பதில்களையும் பத்திரப்படுத்துங்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். விற்றவர் நழுவினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதியலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

உண்மையான மாற்றம் வருஷக் கணக்கில்

முதல் வாரத்து மாற்றத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். பத்து இருபது வருஷத்தில் நம் ஊர் வெக்கையும் ஈரமும் செய்யும் வேலையைப் பற்றிப் பேசுவது குறைவு. பாலியூரித்தேன் ஃபோம் சரவுண்டுக்கு ஈரக்காற்று எமன். தண்ணீர் மூலக்கூறு அதன் வேதிப் பிணைப்பையே அறுக்கிறது. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும் பிசுபிசுத்து, விரல் பட்டதும் உதிரும். 1968-ல் வந்த போஸ் 901 பெட்டியில் 9 ஃபுல் ரேஞ்ச் டிரைவர்கள் இருந்தன. தொடக்க மாடல்களில் துணி விளிம்பு, பின்னால் வந்தவற்றில் ஃபோம். பழையது உயிரோடு இருக்க, புதியது உதிர்ந்துபோன கதை இதனால்தான். பயன்படுத்திய ஸ்பீக்கர் வாங்கப் போனால் கோனைவிட விளிம்பைக் கவனியுங்கள். ஃபோம் போயிருந்தால் விளிம்பு மட்டும் மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேட்கவும் அது நல்ல காரணம்.

நீண்ட நேரம் உரக்க ஓட்டும்போது சத்தம் மங்குவது வேறு விஷயம். காயில் சூடாகி, செம்பின் மின்தடை கூடுகிறது. 100 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். ஆறினால் பழையபடி ஆகிவிடும்.

தாத்தா வீட்டுப் பழைய ரேடியோ இன்னும் இருக்கிறதா? அதன் ஸ்பீக்கர் விளிம்பு பெரும்பாலும் கோனின் காகிதமே மடிந்து உண்டானது. ஃபோம் இல்லாததால் அது இன்னும் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சை பிடித்திருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். வால்வு ரேடியோவின் பழைய கெப்பாசிட்டர்கள் வெடிக்கலாம், உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கும். பழைய ரேடியோ தெரிந்த கைகளிடம் முதலில் கொடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி வேறு பெட்டியில் போட நினைத்தால், பின்னால் காந்தம் இருக்கிறதா என்று ஓர் இரும்புத் துண்டை வைத்துப் பாருங்கள். ரொம்பப் பழைய மாடல்களில் நிரந்தரக் காந்தம் கிடையாது. மின்சாரம் ஓடும்போது மட்டும் காந்தமாகும் பெரிய காயில்தான் இருக்கும், அது அந்த ரேடியோவின் பவர் சர்க்யூட்டிலும் ஒரு பாகம். அப்படி இருந்தால் வயரை வெட்டாமல் ஸ்பீக்கரை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.